குமிழ்களும் குறையொலியும்: மின் கிற்றாரின் வால்வு விரியலாக்கி பற்றிய ஒரு விளக்கம்

பழைய வானொலிப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தோருக்கு, உள்ளே செம்மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டிருந்த கண்ணாடிக் குழாய்கள் மறந்திரா. வெற்றிடக் குழாய் என்றும் வால்வு என்றும் வழங்கப்பட்ட அவை, திரான்சிற்றரின் வருகையோடு வானொலியிலிருந்தும் கணிப்பொறியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் படிப்படியாக அகன்றன. எடை மிகுந்தவை, வெப்பம் உமிழ்பவை, எளிதில் உடைபவை, தேய்ந்து போகின்றவை. பொறியியல் நோக்கிற் பார்ப்பின் அவற்றுக்கு இனி அங்கே வேலையில்லை. எனினும் மின் கிற்றார் வாசிப்போரிற் பலர் அவற்றைக் கைவிட மறுத்துவிட்டனர். சிலோவாக்கியா, உருசியா, சீனா முதலிய நாடுகளில் எஞ்சியுள்ள சில வால்வுத் தொழிற்சாலைகள் பெரிதும் இவர்களை நம்பியே இயங்குகின்றன. 2022 மார்ச்சில் உருசியா தன் ஏற்றுமதிகள் பலவற்றுக்குத் தடை விதித்தபோது, கிற்றார்க் கலைஞரிடையே எழுந்த கலக்கம் சிறிதன்று.

இதனைப் பழமை மீதான ஏக்கம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு ஒதுக்குவது பிழை என்பதே எமது கருத்து. விடை அவ்விரியலாக்கியின் முகப்பிலுள்ள ஐந்தாறு குமிழ்களிலேயே கிடக்கின்றது. அவை என்ன செய்கின்றன என்பதை அறிந்தால், பொறியியலாளர் குறையென்று கொண்ட ஒன்று எவ்வாறு ஒரு மக்கட் பிரிவினரின் குரலாயிற்று என்பதும் உடன் விளங்கும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு சுற்றமைப்பை எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவில் லியோ பெண்டரின் நிறுவனம் 1958 முதல் 1960 வரை செய்த 'பாஸ்மன்' என்னும் விரியலாக்கி, 5 எவ் 6-ஏ என்ற சுற்றெண் உடையது. பெயர் குறிப்பது போல அது தாழ்சுரக் கிற்றாருக்கெனச் செய்யப்பட்டது. சாதாரணக் கிற்றார் வாசிப்போரே அதனைத் தமதாக்கிக் கொண்டனர். இலண்டனின் மேற்குப்புறத்திலே ஹான்வெல்லில் மத்தளக் கருவிகள் விற்றுவந்த ஜிம் மார்ஷல் என்பாரின் கடையில், 1962ஆம் ஆண்டில், கென் பிரான், டட்லி கிறேவன் ஆகிய இருவரும் இச்சுற்றைப் பார்த்து ஜே.ரி.எம். 45 என்னும் விரியலாக்கியைச் செய்தனர். அமெரிக்கக் கருவிகள் பிரித்தானிய இளைஞருக்கு எட்டா விலையில் இருந்தமையே அதற்குக் காரணம். இன்றுள்ள கிற்றார் விரியலாக்கிகள் பலவற்றின் முகப்பு இவ்விரண்டின் வழித்தோன்றலே.

வால்வின் தொழிற்பாட்டைச் சுருங்கக் கூறுவோம். சூடேற்றப்பட்ட கதோட்டிலிருந்து இலத்திரன்கள் வெளியேறி, நேர் அழுத்தமுள்ள அனோட்டை நோக்கி விரைகின்றன. இடையில் நிற்கும் கம்பிவலை நெய்யரி எனப்படும். அதன் அழுத்தம் சிறிது மாறினாலும் இலத்திரன் ஓட்டம் பெரிதும் மாறும். இந்த மூன்றாம் முனையை 1906இல் புகுத்தியவர் லீ டி பொறெஸ்ற். கிற்றாரின் காந்தச் சுருளில் எழும் குறிப்பு ஒரு வோல்ற்றின் பத்திலொரு பங்கு அளவினது. வன்மையாக மீட்டினால் அதனினும் பன்மடங்கு. ஈ.சீ.சீ. 83 என்னும் சிறு வால்வின் ஒரு படியே அதனை ஐம்பது மடங்களவு பெருக்க வல்லது. ஆயினும் பெருக்கத்துக்கு எல்லை உண்டு. நெய்யரி மிகவும் மறையானால் ஓட்டம் முற்றாக நின்றுவிடும். நேரானால் நெய்யரியே இலத்திரன்களை வாங்கத் தொடங்கிவிடும். குறிப்பு இவ்வெல்லைகளை மீறும்போது அலையின் தலை வெட்டுண்ணுகின்றது. வெட்டுண்ட அலையில், மூலத்தில் இல்லாத மேற்றொனிகள் பிறக்கின்றன. இதுவே ஒலித்திரிபு. தரமான வானொலி செய்வோர் இதனைக் குறைப்பதற்கே தம் வாழ்நாளைச் செலவிட்டனர்.

இனிக் குமிழ்களுக்கு வருவோம். முதலில் நோக்கத்தக்கது குமிழே அன்று, செருகும் துளை. இரு வழிகள், வழிக்கு இரண்டாக நான்கு துளைகள். ஒவ்வொரு வழியிலும் இரண்டாம் துளை குறிப்பைப் பாதியாக்கி உட்செலுத்தும். ஆதலின் வன்மையான சுருளுள்ள கிற்றாருக்கும் திரிபின்றி வாசிக்க விரும்புவோருக்கும் அது உதவும். ஒரு வழி இயல்பானது, மற்றது ஒளிர்வானது. இரண்டையும் ஒரு குறுங்கம்பியால் இணைத்து, இரு ஒலியளவுக் குமிழ்களாலும் கலந்துகொள்வது வாசிப்போர் தாமே கண்டுபிடித்த வழக்கம்.

ஒலியளவுக் குமிழ் பற்றியே மிகுந்த மயக்கம் நிலவுகின்றது. அது ஒலியின் உரத்தை மட்டும் ஆள்வதென்று பெயர் கூறுகின்றது. உண்மையில் அது முதற்படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையே நிற்கும் ஒரு மாறுந் தடை. அடுத்துள்ள வால்வுகள் எவ்வளவு உந்தப்படுகின்றன என்பதை அது தீர்மானிக்கின்றது. குமிழ் நான்கு அல்லது ஐந்தை எட்டும்போதே இறுதி வால்வுகள் தம் எல்லையை அணுகிவிடுகின்றன. அதற்கு மேற் சுற்றினால் உரம் சிறிதே கூடும். திரிபே பெரிதும் கூடும். பாஸ்மனின் எண்கள் 12 வரை செல்கின்றன, மார்ஷலினவை 10 வரை. ஆகவே ஒன்றிலுள்ள 7 மற்றதன் 7 அன்று. 'இன்னார் இன்ன இசைத்தட்டில் எட்டில் வைத்து வாசித்தார்' என்று எண்களை மனனஞ் செய்வோர் இதனைச் சிந்திப்பதில்லை.

இவ்விடத்தில் உரம் பற்றி ஒரு கணக்கு. வலு இருமடங்கானால் உரம் 3 டெசிபெல் மட்டுமே கூடும். செவிக்கு இருமடங்காகத் தோன்ற வேண்டுமாயின் வலு ஏறத்தாழப் பத்துமடங்காக வேண்டும். எனவே 100 வாற் விரியலாக்கி 50 வாற்றினதைவிட இருமடங்கு உரமானதென்று எண்ணி வாங்குவோர் ஏமாறுகின்றனர். மறுபுறத்தில், கிற்றாருக்கெனச் செய்யப்பட்ட ஒலிபெருக்கி ஒரேயொரு வாற்றைப் பெற்றாலே ஒரு மீற்றர் தூரத்தில் 100 டெசிபெல்லை அண்மித்த ஒலியை எழுப்பும். 85 டெசிபெல்லை நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் கேட்கலாமென்றும், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகுமென்றும் வகுத்துள்ள அளவுகோலின்படி, 100 டெசிபெல்லுக்குரிய நேரம் பதினைந்து நிமிடமே. அடுக்கடுக்காக நிறுத்திய மார்ஷல் பெட்டிகளின் முன் நின்று வாசித்த பீற் ரவுன்செண்ட் தமது செவிப்புலன் குறைந்தமையைப் பின்னர் வெளிப்படையாகவே பேசினார். இளைஞர் இக்கணக்கைச் சிரித்துத் தள்ளுவர். இழந்த செவிப்புலனோ மீளாது.

அவ்வாறாயின் ஏன் உரக்க வைத்தனர்? வரலாற்றை இங்கு நோக்குதல் வேண்டும். தென் மாநிலங்களின் பருத்தி வயல்களை விட்டு வட நகரங்களின் ஆலைகளை நாடிச் சென்ற கறுப்பின மக்களோடு, அவர்தம் புளூஸ் இசையும் சென்றது. மடி வோற்றர்ஸ் 1943இல் மிசிசிப்பியிலிருந்து சிக்காகோவுக்குச் சென்றவர். வயல்வெளித் திண்ணையிற் கேட்ட மரக் கிற்றார், வேலை முடிந்த தொழிலாளர் நிறைந்த மதுச்சாலையின் இரைச்சலிற் கேட்காது. விரியலாக்கி அங்கே ஆடம்பரமன்று, தேவை. கையிலிருந்ததோ சிறு விரியலாக்கி. அதன் குமிழை எல்லை வரை திருப்பினாலன்றிக் குரல் எட்டாது. திருப்பியபோது திரிபு வந்தது. வந்த திரிபு, அப்பாடகரின் கரகரத்த குரலோடு ஒத்தது. 1951இல் மெம்பிஸ் நகரில் 'றொக்கெற் 88' என்னும் பாடல் பதிவான வேளையில், வழியிற் பழுதுற்ற விரியலாக்கியின் ஒலிபெருக்கியினுள் தாளைத் திணித்து அப்படியே வாசித்தனர். 1958இல் லிங்க் றே தமது 'றம்பிள்' என்னும் இசைக்காக ஒலிபெருக்கியின் தாளைப் பென்சிலாற் குத்தித் துளைத்தார். ஒரு சொல்லும் இல்லாத அவ்விசைத்தட்டை, இளைஞரைச் சண்டைக்குத் தூண்டுமென அஞ்சிச் சில அமெரிக்க வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. சொல்லற்ற ஒலியே ஆள்வோரை அஞ்சச் செய்தது என்பது, கலைக்கும் சமூகத்துக்குமுள்ள தொடர்பை ஆராய்வோர் ஊன்றி நோக்கவேண்டிய செய்தியாகும்.

ஒளிர்வான வழியின் ஒலியளவுக் குமிழின் குறுக்கே ஒரு சிறு கொள்ளளவி இணைக்கப்பட்டுள்ளது. குமிழ் தாழ்வாக இருக்கும்போது உயர் மீடிறன்கள் அதனூடாகத் தடையைத் தவிர்த்துச் சென்றுவிடும், ஒலி கூர்மையாகும். குமிழ் எல்லையை அடையும்போது தவிர்ப்பதற்குத் தடையே இராது; கூர்மையும் மறைந்துவிடும். தாழ்ந்த ஒலியளவிற் செவியைக் குத்திய விரியலாக்கி, உரக்க வைத்ததும் முழுமை பெற்றுவிடுகின்றதே எனப் பலர் வியப்பதன் ஒரு காரணம் இதுவே.

அடுத்துத் தாழொலி, இடையொலி, உயரொலி என்னும் மூன்று குமிழ்கள். இவை மூன்று தனித்தனிக் குமிழ்களல்ல. ஒரே வலையமைப்பின் மூன்று கைகள். ஒன்றைத் திருப்பினால் மற்றவற்றின் பயனும் மாறும். இவ்வலையமைப்பில் வால்வு எதுவும் இல்லை. தடைகளும் கொள்ளளவிகளுமே உள்ளன. எனவே இக்குமிழ்கள் எதனையும் கூட்டமாட்டா. குறைக்க மட்டுமே வல்லன. 'உயரொலியைக் கூட்டு' என்பதன் உண்மைப் பொருள் 'உயரொலியைக் குறைவாகக் குறை' என்பதே. மூன்றையும் முற்றாகத் தாழ்த்தினால் ஒலி பெரிதும் குன்றிவிடும். பழுதென்று எண்ணிப் பெட்டியைத் திறக்க முற்பட்டோரும் உளர். மூன்றையும் நடுவில் வைத்தால் நடுநிலை கிடைக்குமென்பது இன்னொரு மயக்கம். நடுவில் வைத்தபோது, செக்கனுக்குச் சில நூறு அதிர்வுகள் கொண்ட இடைப்பகுதி பள்ளமாகத் தாழ்ந்திருக்கும். ஏறத்தாழச் சமனான ஒலி வேண்டுமாயின், இடையொலியை எல்லைவரை உயர்த்தி, மற்ற இரண்டையும் அடிவரை தாழ்த்தவேண்டும். கண்ணுக்குக் கோணலாகத் தோன்றும் இந்நிலையே செவிக்குச் சமன்.

இப்பள்ளம் பிழையா? தனியே வாசிக்கும்போது அது இனிமை தரும். காந்தச் சுருளின் இடைமிகுந்த ஒலியைச் செம்மைப்படுத்தும். ஆனால் மத்தளம், தாழ்சுரக் கிற்றார், பாடகர் குரல் ஆகியவற்றோடு மேடையேறும்போது, கிற்றாரின் குரல் உயிர்ப்பது இடைப்பகுதியிலேயே. அறையில் அழகாக ஒலித்த அமைப்பு மேடையிற் காணாமற் போவது இதனாலேதான். அனுபவமுள்ளோர் மேடையில் இடையொலியை உயர்த்தித் தாழொலியைக் குறைப்பர். வால்வுகளை வன்மையாக உந்தும்போது தாழொலியைக் குறைப்பது இன்னும் இன்றியமையாதது. இல்லையேல் தடித்த தந்திகள் குழம்பிக் கரையும்.

திரிபின் இசைப்பண்பை இங்கே சற்று விரித்துரைக்க வேண்டியுள்ளது. இத்துறையில் மிகச் சுவையான பகுதி இதுவென்பது எமது எண்ணம். ஒரே சுரத்தை மீட்டினால் திரிபு மேற்றொனிகளை மட்டுமே சேர்க்கும். இரு சுரங்களை ஒருங்கே மீட்டினால், அவற்றின் கூட்டலும் கழித்தலும் ஒத்த புதிய மீடிறன்களும் தோன்றும். செக்கனுக்கு 110 அதிர்வுள்ள சுரத்தையும் அதன் இளியாகிய 165 அதிர்வுள்ள சுரத்தையும் கொள்வோம். நம் பண்டை இசைநூலார் குரல், இளி என்ற உறவு இது. ச–ப என இன்று கூறுவர். இவற்றின் வேறுபாடு 55; அது குரலின் கீழ்த்தானம். கூட்டல் 275, அதுவும் 55இன் ஐந்து மடங்கு. ஆக, புதிதாகப் பிறப்பன யாவும் ஒரே குடும்பத்தின. திரிபு மிக மிக இவ்விணை தடித்து, ஒரு பெரும் கருவி போல ஒலிக்கும். மாறாக, 110உம் 132உம் கொண்ட சிறிய மூன்றாம் சுர இணையைக் கொண்டால் வேறுபாடு 22. முதற் சுரத்தின் இருமடங்கிலிருந்து மற்றதைக் கழித்தால் 88. மற்றதன் இருமடங்கிலிருந்து முதலாவதைக் கழித்தால் 154. இவை அச்சுரக்கூட்டுக்குப் புறம்பானவை. ஒலி கலங்குகின்றது. கிற்றாரின் தந்தித் தடங்கள் சமப் பகுப்புச் சுருதியில் அமைந்தவை என்பதையும் சேர்த்துக்கொள்க: இளி அதில் அரைச்சுரத்தின் நூறில் இரண்டு பங்கே பிசகுகின்றது, பெரிய மூன்றாம் சுரமோ நூறில் ஏறத்தாழப் பதினான்கு பங்கு பிசகுகின்றது. திரிபு அப்பிசகைப் பெருக்கிக் காட்டும். றொக் இசையார் மூன்றாம் சுரத்தை விடுத்துக் குரலும் இளியும் மட்டும் கொண்ட வெற்று இணையைப் பெரிதும் கையாள்வது இசையறியாமையால் என்று ஏளனஞ் செய்வார், இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் நன்று. கருவியின் இயல்பே அங்கு இசையிலக்கணத்தை வகுத்தது.

திரிந்த ஒலி செவியை அறுக்காதிருப்பதற்கு ஒலிபெருக்கியும் காரணம். பன்னிரண்டு அங்குலக் கிற்றார் ஒலிபெருக்கி செக்கனுக்கு 5,000 அதிர்வுகளை அண்டியதும் விரைந்து தளர்ந்துவிடும். வெட்டுண்ட அலையின் கூரிய உச்சிகளை அது வடித்துவிடுகின்றது.

'பிறசன்ஸ்' என்று பொறிக்கப்பட்ட குமிழ் தனிவகையினது. அது இறுதிப் படியில் அமைந்துள்ளது. அப்படியின் வெளியீட்டில் ஒரு பங்கை மீண்டும் உள்ளே எதிராகச் செலுத்தித் திரிபைக் குறைப்பது எதிர்ப் பின்னூட்டல் எனப்படும். இக்குமிழ் அப்பின்னூட்டலிலிருந்து உயர் மீடிறன்களை அகற்றுகின்றது; அகற்றப்பட்டவை கட்டவிழ்ந்து முன்னே வருகின்றன. இறுதி வால்வுகள் எல்லையை மீறியபின் பின்னூட்டல் செயலிழப்பதால், குமிழின் ஆற்றலும் குன்றிவிடும். ஆகவே ஒலியளவை முதலில் நிறுத்தி, இதனை இறுதியிற் செப்பஞ்செய்வதே முறை.

முகப்பில் எழுதப்படாத கட்டுப்பாடுகளும் உள. பாஸ்மனில் மின்னைச் சீராக்குவதும் ஒரு வால்வே. வன்மையாக மீட்டிய கணத்தில் அதன் அழுத்தம் சற்றுச் சரிந்து, பின் மீள்கின்றது. சுரம் அடங்கித் தோன்றிப் பின் மலர்கின்றது. மீட்டும் விரலுக்கு இது தெரியும். அதனினும் முக்கியமானது கிற்றாரிலேயே உள்ள ஒலியளவுக் குமிழ். விரியலாக்கியை எல்லையருகே நிறுத்தி, கிற்றாரின் குமிழைச் சற்றுத் தாழ்த்தினால் தெளிந்த ஒலி. உயர்த்தினால் முழங்கும் ஒலி. 1966இல் ஜோன் மேயல் குழுவினரின் இசைத்தட்டுக்காக எரிக் கிளப்ரன் ஒலிப்பதிவுக்கூட வழக்கத்தை மீறி மார்ஷலை மேடையிற் போலவே உரக்க வைத்து வாசித்ததும் இத்தொழிற்பாட்டை வேண்டியே. வாசிப்போர் நிற்கும் இடமும் ஒரு கட்டுப்பாடுதான். ஒலிபெருக்கியின் ஒலி தந்தியை மீண்டும் அதிரச் செய்யும் தூரத்தில் நின்றால் சுரம் ஓயாது நீளும். 1969 ஆகத்து 18ஆம் நாட் காலையில் வூட்ஸ்ரொக் மேடையில் ஜிமி ஹென்றிக்ஸ் அமெரிக்க நாட்டுப்பண்ணை வாசித்தபோது, அப்பண்ணின் அடிகளுக்கிடையே குண்டு விழுவதும் அலறுவதுமாகக் கேட்டவை இத்தகைய பின்னூட்டலாலும் திரிபாலும் ஆனவை. வியற்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது; அவரும் 1961–62இல் வான்குடைப் படைப்பிரிவிற் பணியாற்றியவரே. தூய ஒலியால் அதனைச் சொல்லியிருக்க முடியாது.

உரமின்றித் திரிபு வேண்டுமென்ற வேட்கையை வணிகர் விரைவிற் கண்டுகொண்டனர். முற்படிகளை உந்திவிட்டு, இறுதிப் படிக்குமுன் ஒலியைத் தாழ்த்தும் 'மாஸ்ரர்' ஒலியளவுக் குமிழ் 1970களிற் பரவிற்று. மார்ஷலின் 2203 என்னும் வகை 1975இல் வந்தது. அதன்பின் முதற் குமிழ் திரிபையும் மாஸ்ரர் உரத்தையும் ஆண்டன. அயலாருக்கு இது நன்மை. ஆனால் முற்படியின் திரிபு வேறு, இறுதிப் படியும் மின்மாற்றியும் ஒலிபெருக்கியும் ஒருங்கே திணறுவதால் எழும் திரிபு வேறு; முன்னது நெருக்கமான இரைச்சல், பின்னது விரலோடு பேசுவது.

இறுதியாக ஆளிகள் பற்றி. பெரும்பாலானவற்றில் இரண்டு உண்டு: ஒன்று கதோட்டுகளைச் சூடேற்றும், மற்றது உயர் அழுத்தத்தை இணைக்கும். முதலாவதை இட்டு அரை நிமிடம் பொறுத்து மற்றதை இடுவது வழக்கம். ஒலிபெருக்கியை இணைக்காது விரியலாக்கியை இயக்குதல் கூடாது. வெளியீட்டு மின்மாற்றியில் எழும் அழுத்தம் அதன் காவலைத் துளைத்துவிடலாம். பின்புறத்தில் 4, 8, 16 ஓம் என்ற தெரிவு இருப்பின் ஒலிபெருக்கியின் எண்ணோடு பொருத்துதல் வேண்டும். பெட்டியினுள்ளே 400 வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டு. மின்னை நிறுத்திச் சுவரிலிருந்து கழற்றிய பின்னரும் வடிகட்டும் கொள்ளளவிகள் அவ்வழுத்தத்தை நெடுநேரம் தாங்கி நிற்கக்கூடும்; அது உயிரைப் பறிக்கப் போதியது. தொழிலறிந்தோர் அவற்றை ஒரு தடையினூடாக வெறுமையாக்கி, மானியால் அளந்து பார்த்து, ஒரு கையைப் பின்னே வைத்துக்கொண்டு, அதன்பின்னரே மற்றக் கையை உள்ளே நீட்டுவர்.